காவலர்களுக்கான உயிர்காப்புப் பயிற்சி: தருமபுரி, கிருஷ்ணகிரி வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவலர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். துப்பாக்கிச் சூடு நடக்கிற இடத்துக்குள் எப்படி நுழைவது என்பதை ஆயுதப்படைப் பயிற்சியாளர் ஒருவர் சொல்லித் தருவார். ரத்தத்தை நிறுத்துவது என் பகுதி. எந்த ஊரில் வகுப்பு நடந்தாலும் வருகிற சந்தேகங்கள் ஒன்றுதான். டீ குடிக்கிற நேரத்தில் கேட்பார்கள், ஜீப்பில் ஏறப்போகும்போது கேட்பார்கள், சிலர் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நாங்கள் இருவரும் சொல்லிவரும் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். படிப்பதால் மட்டும் கை பழகாது. வகுப்புக்கு வந்து ஒருமுறையாவது செய்து பாருங்கள்.

நாங்க போலீஸ். அதுக்குத்தான் 108 இருக்கே, ரத்தத்தை நிறுத்தறது எங்க வேலையா சிஸ்டர்?

தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஆள் போய்விடலாம். 2008-இல் தமிழ்நாட்டுக்கு 108 வந்த பிறகு எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அந்த ஊழியர்களின் வேலையை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் எப்படி ஐந்து நிமிடத்தில் வரும்? அஞ்செட்டி மலைப்பாதையிலும் சித்தேரி மலையிலும் நிலைமை இன்னும் கஷ்டம்.

அந்த இடத்தில் முதலில் நிற்பது பெரும்பாலும் நெடுஞ்சாலை ரோந்து ஏட்டு, இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷன் காவலர். எங்கள் கையில் நோயாளி வந்து சேரும்போது பெரிய ரத்தப்போக்கு நின்றிருக்கிறதா இல்லையா என்பது அந்த முதல் ஆளைப் பொறுத்தது. ரத்தமெல்லாம் வழியிலேயே போய்விட்டால் ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர் இருந்தும் பயனில்லை.

நம்ம ஊர்ல யாரு துப்பாக்கி எடுத்துட்டு வந்து கண்டபடி சுடப் போறாங்க? இது அமெரிக்காக்காரன் பிரச்சினை இல்லையா?

பள்ளிக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுடுகிற சம்பவங்கள் அங்கே நடக்கிற அளவுக்கு இங்கே நடப்பதில்லை. அது உண்மை, பயமுறுத்துவதற்காக வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்தது இதே வகைத் தாக்குதல்தான். 166 பேர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில் நகைக்கடன் அலுவலகம் ஒன்றில் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்று குண்டு பாய்ந்து யாரும் சாகவில்லை. அந்தக் கும்பலில் ஒருவன் பதறிப்போய்ச் சுடத் தொடங்கியிருந்தால் முதலில் போய்ச் சேர்ந்திருப்பது ஸ்டேஷன் காவலர்தான்.

காட்டோர ஊர்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இன்னும் பிடிபடுகிறது. அரிவாளோடு டீக்கடைக்குள் புகுந்து வெட்டுகிறவனும் இருக்கிறான். பட்டாசுக் கிடங்கு வெடிக்கிறது, யானை மிதிக்கிறது. கற்றுக்கொள்கிற கை ஒன்றுதான். துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு ரத்தம் கிடையாது.

'ஆக்டிவ் ஷூட்டர்'னா பணயக்கைதி பிடிச்சு வெச்சிருக்கறவனும் அதுல வருவானா?

வரமாட்டான். ஒரு இடத்துக்குள் புகுந்து, அந்த நிமிடத்திலும் ஆட்களைக் கொன்றுகொண்டே இருப்பவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். பணயக்கைதி விஷயத்தில் பேசப் பேச, நேரம் ஆக ஆக, உயிர் பிழைக்கிற வாய்ப்பு கூடும். அங்கே பொறுமையாகச் சுற்றி வளைத்து நிற்பதுதான் சரி. சுட்டுக்கொண்டே போகிறவன் விஷயத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு உயிர்.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே உள்ளே சுடும் சத்தம் கேட்டால் கணக்கு அப்போதே மாறிவிட்டது. எந்த நொடியில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்று கவனிக்க ஒரு ஆள் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கமாண்டோ வர்ற வரைக்கும் சுத்தி வளைச்சு நில்லுங்கன்னுதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?

உலகம் முழுக்க அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் போலீசார் வெளியே வளைத்து நின்று சிறப்புப் படைக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே டேவ் சாண்டர்ஸ் என்ற ஆசிரியர் குண்டடிபட்டு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ரத்தம் வழிந்தே இறந்தார். 'உதவி வேண்டும், ஒருவர் ரத்தம் இழந்து சாகிறார்' என்று மாணவர்கள் ஜன்னலில் எழுதி வைத்தும் ஆள் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் முதலில் வரும் காவலர்களே உள்ளே போக வேண்டும் என்று முறை மாறியது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2002-இல் இதற்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். அப்படியும் 2022 மே 24 அன்று அதே டெக்சாஸில் யுவால்டி பள்ளியில் 370-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் கூடியிருந்தும், கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஆள் பலமும் ஆயுதமும் இருந்தும், போ என்று முடிவெடுப்பதில் அங்கே எல்லாம் நின்றுபோனது.

நம் பக்கம் பாருங்கள். மும்பைத் தாக்குதலின்போது தேசியப் பாதுகாப்புப் படை டெல்லிப் பக்கமிருந்து மறுநாள் காலையில்தான் வந்து சேர முடிந்தது. அதனால் 2009-இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் அந்தப் படைக்கு மையங்கள் அமைத்தார்கள். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 250 கிலோமீட்டர். எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் முதல் அரைமணி நேரம் உங்களுடையதுதான். எத்தனை பேர் சேர்ந்தால் நுழையலாம், யார் உத்தரவு கொடுப்பது என்பதையெல்லாம் உங்கள் மாவட்ட அதிகாரிகள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். சம்பவ இடத்தில் நின்று மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை இது.

உள்ள போறப்ப அடிபட்டுக் கிடக்கறவங்களைத் தாண்டிப் போகணும்னு சொல்றீங்களே. அதெப்படி மனசு வரும் மேடம்?

இந்தக் கேள்வியைக் கேட்டது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பெண் காவலர். ஒத்திகையில் வராந்தாவில் கிடந்த ஆள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு 'அக்கா, என்னை விட்டுட்டுப் போகாதீங்க' என்று கத்தினார். நடிப்புதான். ஆனாலும் அவர் குனிந்துவிட்டார். அடுத்த அறையில் சுடும் சத்தம் தொடர்ந்துகொண்டே இருந்தது.

முதல் குழு தாண்டித்தான் போக வேண்டும். சுடுகிறவனை நிறுத்தாதவரை நீங்கள் ஒருவருக்குக் கட்டுப் போடுகிற நேரத்தில் அவன் இன்னும் மூன்று பேரைச் சாய்ப்பான், உங்களையும் சேர்த்து. தாண்டும்போது ஒரு வார்த்தை சொல்லலாம்: 'காயத்தை அழுத்திப் பிடிங்க, பின்னால ஆள் வருது.' அந்த வார்த்தை பொய்யாகக் கூடாது. அதனால்தான் இரண்டாவது குழு முதல் குழுவோடு சேர்ந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். சூடு கேட்கிற பகுதியில் சண்டை மட்டும். கட்டுப் போடுவதானால் டூர்னிக்கெட் (கையையோ காலையோ சுற்றிக் கட்டி, குச்சியால் திருகி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை) ஒன்றுதான், அதுவும் மறைவுக்கு இழுத்த பிறகு. சூடு நகர்ந்துபோன பகுதியில் ஆயுதக் காவலர் இருவர் காவல் நிற்க, மற்றவர்கள் ரத்தத்தை நிறுத்தி ஆட்களை வெளியே கொண்டு வருவார்கள். 108 ஊழியர்கள் நிற்பது மூன்றாவது பகுதியில், பத்திரமான இடத்தில். அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 2013-இல் ஹார்ட்ஃபோர்டில் கூடிச் சொன்னதும் இதே வரிசைதான்: ஆபத்தை அடக்கு, ரத்தத்தை நிறுத்து, வேகமாக வெளியே கொண்டு வா, பார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

கையில லத்தி மட்டும்தான் இருக்கு. அப்ப நான் என்ன பண்றது?

மும்பைத் தாக்குதலில் துகாராம் ஓம்ப்ளே என்ற காவலர் லத்தியோடு போய், சுட்டவர்களில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். அவரால்தான் ஒருவனையாவது உயிரோடு பிடிக்க முடிந்தது. அவருக்குத் தலைவணங்குகிறேன். அதற்காக ஒவ்வொரு லத்திக் காவலரையும் அப்படிச் சாகச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

ஆயுதம் இல்லாதவருக்கும் அங்கே வேலை நிறைய. எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்த வாசல், கடைசியாக எங்கே பார்த்தது என்று கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்வது முதல் வேலை. வெளியே ஓடிவருகிற கூட்டத்தைச் சரியான பக்கம் திருப்புவது, வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தடுப்பது, ஆம்புலன்ஸ் வரும் வழியை அடைக்காமல் ஜீப்புகளை ஓரம்கட்டுவது. இந்தக் கடைசி வேலையை யாரும் நினைப்பதில்லை. முதலில் வந்த வண்டிகள் வாசலிலேயே நின்றுவிட்டால் பின்னால் வருகிற 108 உள்ளே நுழையவே முடியாது.

மூச்சு முதல்லயா, ரத்தம் முதல்லயா? பழைய முதலுதவி வகுப்புல மூச்சுதான் முதல்லன்னு சொன்னாங்க.

மயங்கி விழுந்தவர், தண்ணீரில் மூழ்கியவர் என்றால் மூச்சும் நாடியும்தான் முதலில். அந்தப் பாடம் மாறவில்லை. குண்டடி, வெட்டு, விபத்து, வெடி என்றால் கொட்டுகிற ரத்தம் முதலில். அதன் பிறகு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா, நெஞ்சில் ஓட்டை இருக்கிறதா, நாடி எப்படி, கடைசியாக உடம்பைச் சூடாக வைப்பது.

கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் இழந்த உடம்பு வெயில் நேரத்திலும் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் ரத்தம் உறையாது. மார்கழி ராத்திரியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் தரையில் கிடப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போர்வை, லுங்கி, உங்கள் ரெயின்கோட், எதுவானாலும் அடியிலும் மேலேயும் போடுங்கள். முகத்தில் சோடா அடிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

டூர்னிக்கெட் கட்டுனா காலையே எடுத்துடுவாங்களாமே?

எல்லா வகுப்பிலும் வருகிற கேள்வி. எலும்பு ஆபரேஷனில் டாக்டர்களே டூர்னிக்கெட் கட்டி ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்கிறார்கள். இரண்டு மணி நேரம் வரை அதனால் கால் போவது மிக அரிது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ பெரும்பாலான இடங்களிலிருந்து அதற்குள் வந்துவிடலாம். கால் போய்விடுமோ என்று தயங்கினால் உயிர் போகும்.

கட்டுகிற முறை: காயத்துக்கு மேலே நான்கு விரல் அகலம் தள்ளி, மூட்டின் மேல் இல்லாமல். காயம் எங்கே என்று தெரியாத இருட்டில், தொடையிலோ கையிலோ எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. பேன்ட் பாக்கெட்டில் செல்போன், சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள். பட்டையை முதலில் கையாலேயே இறுக்கி இழுத்துவிட்டுத்தான் குச்சியைத் திருக வேண்டும். தளர்வாக விட்டுத் திருகினால் குச்சி சுற்றிக்கொண்டே இருக்கும், ரத்தம் நிற்காது. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அடிபட்டவர் வலியில் அலறுவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். அங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அலறல் நிற்பதைப் பார்க்காதீர்கள், ரத்தம் நிற்பதைப் பாருங்கள். நின்றதும் குச்சியைப் பூட்டி, கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ பட்டையிலோ பேனாவால் எழுதுங்கள். நிற்கவில்லையா, அதை ஒட்டி, உடம்புப் பக்கமாக இன்னொன்று.

கால் மணிக்கு ஒருமுறை தளர்த்தச் சொல்லிப் பழைய புத்தகங்களில் இருந்தது. தளர்த்தாதீர்கள். அவிழ்ப்பது எங்கள் வேலை.

ஸ்டேஷன்ல அந்தப் பட்டை இல்ல. கயிறோ பெல்ட்டோ வெச்சுக் கட்டலாமா?

மெல்லிய கயிறும் ஒயரும் சதையை அறுக்கும், தமனியை அடைக்காது. இடுப்பு பெல்ட் விறைப்பாக இருப்பதால் திருக முடியாது. துண்டு நல்லது. இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாமல் பட்டையாக மடித்து, ஒரு முடிச்சு போட்டு, அதன் மேல் குச்சி வைத்து இன்னொரு முடிச்சு போட்டுத் திருகுங்கள். குச்சிக்குப் பேனா வேண்டாம், நொறுங்கிவிடும். ஜீப் டூல்ஸில் இருக்கும் ஸ்பேனர் போதும். திருகிய பிறகு ஸ்பேனர் பின்னோக்கிச் சுற்றாமல் அதையும் ஒரு துணியால் காலோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

இதெல்லாம் வேறு வழியில்லாதபோதுதான். முறையான டூர்னிக்கெட் வாங்கிக் கொடுங்கள் என்று அதிகாரிகளை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்களும் கேளுங்கள். மலிவான போலிகள் நிறைய விற்கின்றன, திருகும்போதே குச்சி உடையும். வாங்கியதும் ஒன்றைப் பிரித்துப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு திருகிப் பார்த்துவிடுங்கள்.

கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல வெட்டு விழுந்தா எங்க கட்டறது?

அங்கே கட்டு எடுபடாது. காயத்துக்குள் துணியைத் திணிக்க வேண்டும். கேட்கவே கூசும், வகுப்பில் ஆட்டிறைச்சித் துண்டில் செய்து காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. விரலால் ரத்தம் பீறிடும் இடத்தைத் தேடி, காஸ் துணியின் நுனியை அங்கேயே வைத்து, காயம் நிரம்பும்வரை ஊட்டிக்கொண்டே போய், மேலே இரண்டு கையையும் வைத்து உடம்பு எடையோடு அழுத்துங்கள். ரத்தம் உறைய வைக்கும் மருந்து தடவிய காஸ் என்றால் மூன்று நிமிடம், சாதாரணத் துணி என்றால் பத்து நிமிடம். நடுவில் எடுத்து எட்டிப் பார்க்கக் கூடாது. கழுத்தென்றால் மூச்சுக்குழாயை நெரிக்காமல் ஒரு பக்கமாக மட்டும் அழுத்துங்கள்.

நாட்டுத் துப்பாக்கியில சுட்டா பால்ரஸ் குண்டு சிதறி அடிக்குமே, அதை எப்படிப் பாக்கறது?

காடு அறிந்தவர் கேட்ட கேள்வி. ஒரே சூட்டில் பல ஓட்டைகள் விழும், சில மிளகு அளவுதான் இருக்கும், ரத்தமும் அதிகம் வராது. அதை நம்பி விட்டுவிடக் கூடாது. சட்டையை வெட்டித் திறந்து கழுத்திலிருந்து இடுப்புவரை முன்னாலும் பின்னாலும் தடவிப் பாருங்கள், அக்குளையும் சேர்த்து. நெஞ்சிலோ முதுகிலோ விழுந்த ஓட்டை ஒவ்வொன்றையும் உள்ளே காற்று போகும் ஓட்டை என்றே எடுத்துக்கொண்டு, அதற்கென்று விற்கும் ஒட்டியால் மூடுங்கள். இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் தாள். மூடிய பிறகு மூச்சு இன்னும் திணறினால் ஓரத்தை ஒருமுறை தூக்கிக் காற்றை வெளியே விட்டு மறுபடி மூடுங்கள்.

குத்தி நிற்கும் கத்தியையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி அப்படியே கொண்டு வாருங்கள். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் ஈரத் துணியால் மூடுங்கள்.

பாம்பு கடிச்சாலும் இதே மாதிரி இறுக்கிக் கட்டலாம்தானே?

கூடவே கூடாது. இந்த ஒரு பதிலை மட்டுமாவது ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். டூர்னிக்கெட் கொட்டுகிற ரத்தத்துக்கு மட்டும்தான். பாம்புக் கடியில் இறுக்கிக் கட்டினால் சதை அழுகும். அவிழ்த்ததும் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறலாம். கீறவும் உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராக வாருங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

பட்டாசுக் கிடங்கு வெடிச்சா யாரை முதல்ல தூக்கறது?

2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதனால் இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிப்போடுவதே இல்லை.

உள்ளே ஓடுவதற்கு முன் நின்று பாருங்கள். இரண்டாவது வெடிப்புதான் உதவிக்கு வருகிறவர்களைக் கொல்லும். தீயணைப்புத் துறை வந்துவிட்டால் அவர்கள் சொல்வதுதான் சட்டம். பிறகு சத்தமாக, 'நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க' என்று கூப்பிடுங்கள். வருகிறவர்கள் காத்திருக்கலாம். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்: ரத்தம், மூச்சு, அவ்வளவுதான் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்கு நகர வேண்டும். தீக்காயத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரிய தீக்காயமென்றால் அதற்காக வண்டியை நிறுத்தி வைக்காமல் சுத்தமான துணியால் மூடி அனுப்புங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். அதைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

108 லேட்டாகும்னா ஜீப்லயே போட்டுக் கொண்டு போலாமா? முதுகெலும்பு போச்சுன்னு அப்புறம் என்மேல கேஸ் வந்தா?

குண்டடி, கத்திக்குத்து என்றால் போகலாம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் குண்டடிபட்டவர்களைப் போலீஸ் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது பல பத்தாண்டுகளாக வழக்கம். ஆம்புலன்ஸில் வந்தவர்களைவிட அவர்கள் பிழைப்பது குறைவில்லை என்று ஆய்வில் தெரிந்தது. அந்தக் காயங்களுக்கு வேண்டியது ஆபரேஷன் தியேட்டர்தான். சாலை விபத்தென்றால் கழுத்தும் முதுகும் திருகாமல் நான்கு பேர் சேர்ந்து ஒரே சீராகத் தூக்க வேண்டும், முடிந்தால் 108-க்குக் காத்திருக்கலாம். வண்டி தீப்பிடிக்கும், ரத்தம் நிற்கவில்லை என்ற நிலையில் முதுகெலும்பு இரண்டாம்பட்சம். எதுவானாலும் கிளம்பும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து என்ன காயம், எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிற்போம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, விபத்தில் உதவுகிற பொதுமக்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது; அது 2019 திருத்தத்தில் வந்தது. மயங்கிக் கிடப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. அது உங்களுக்கும் பொருந்தும். செலவை நினைத்துத் தயங்கும் உறவினர்களிடம் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வரம்புக்குட்பட்ட இலவச சிகிச்சை உண்டு.

சுட்டவனுக்கே குண்டடி பட்டு விழுந்து கிடந்தா அவனுக்கும் நாங்களே கட்டுப் போடணுமா?

போட வேண்டும். முதலில் ஆயுதத்தைத் தள்ளி எடுத்து, கைவிலங்கு போட்டு, இடுப்பிலும் காலிலும் வேறு ஏதாவது ஒளித்திருக்கிறானா என்று சோதித்த பிறகு. அதற்கப்புறம் அவன் ஒரு நோயாளி. யாருக்குக் காயம் கடுமையோ அவருக்கு முதலில் என்ற அதே வரிசை. குற்றவாளியானாலும் நிரபராதியானாலும் உயிரைக் காப்பது கடமை என்று 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்குச் சொன்னது. சக காவலரைச் சுட்டவன் என்றால் மனம் கொதிக்கும். அப்போது அவனை வேறொருவர் கையில் விட்டுவிட்டு நீங்கள் உங்கள் தோழரைப் பாருங்கள்.

துணியை வெட்டி, ரத்தத்தைத் துடைச்சுட்டா தடயம் போயிடாதா?

உயிர் முதலில். ஆனால் கொஞ்சம் பார்த்துச் செய்தால் இரண்டும் கிடைக்கும். குண்டு போன ஓட்டையை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். வெட்டிய துணியைப் பிளாஸ்டிக்கில் போட்டால் புழுங்கிக் கெட்டுவிடும், காகித உறையில் போடுங்கள். எங்கே, எந்த நிலையில் கிடந்தார் என்று தூக்குவதற்கு முன் செல்போனில் ஒரு படம். அதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

லீவுல சிவில் டிரஸ்ல இருக்கேன், கையில பிஸ்டல் இருக்கு. உள்ள போனா நம்ம ஆளே என்னைச் சுட்டுட்டா?

நடக்கக்கூடியதுதான், வெளிநாடுகளில் நடந்தும் இருக்கிறது. பயிற்சியாளரின் பதில்: போவதற்கு முன் கண்ட்ரோல் ரூமுக்கு உங்கள் சட்டை நிறம் உட்பட சொல்லுங்கள். சீருடை ஆட்கள் வந்து கத்தினால் திரும்பாதீர்கள். பிஸ்டலைக் கீழே வைத்து, கையை விரித்து, சொல்வதைக் கேளுங்கள். அடையாள அட்டையை எடுக்கப் பாக்கெட்டில் கைவிடுவதுதான் ஆபத்தான அசைவு.

ஒத்திகையில உண்மையான துப்பாக்கி வெச்சுக்கலாமா? அப்பதானே தத்ரூபமா இருக்கும்.

ஒத்திகை நடக்கும் வளாகத்துக்குள் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது. வாசலில் ஒருவர் ஒவ்வொருவரையும் தடவிச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும், அதிகாரியானாலும். டீ குடிக்க வெளியே போய் வந்தால் மறுபடியும் சோதனை. மர மாதிரித் துப்பாக்கியும் விசில் சத்தமும் போதும். பக்கத்து ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு பெரிய ஒத்திகையைவிட, வாராந்திரக் கவாத்து முடிந்ததும் பத்து நிமிடம் டூர்னிக்கெட் கட்டிப் பழகுவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கை மறந்துவிடும், சில மாதங்களிலேயே மறக்கும்.

தூக்கிட்டு ஓடி வந்தேன் சிஸ்டர், அந்தப் பொண்ணு வழியிலேயே போயிடுச்சு. இன்னும் தூக்கம் வரல.

இதை யாரும் வகுப்பில் கேட்பதில்லை, வாசலில் தனியாக நின்று கேட்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் பிழைக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் மேசையில் இறப்பவர்கள் இருக்கிறார்கள். தூக்கமின்மை, திடுக்கிடல், பசியின்மை சில நாட்கள் இருப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால், அல்லது குடித்தால்தான் தூக்கம் வரும் என்ற நிலை வந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஸ்டேஷன் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்படி ஒரு சம்பவத்திலிருந்து வந்தவரை அன்று ராத்திரியே பாராவில் தனியாக நிறுத்தாதீர்கள்.

நான் தனியா இருக்கேன், எனக்கே குண்டடி பட்டா யாரு கட்டுவாங்க?

நீங்களேதான். முதலில் மறைவுக்கு உருளுங்கள், துப்பாக்கியை விடாதீர்கள், மைக்கில் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு கட்டுங்கள். அதனால் டூர்னிக்கெட் ஜீப் டேஷ்போர்டில் இருந்து பயனில்லை, உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். எந்தக் கை அடிபட்டாலும் மற்றக் கைக்கு எட்டுகிற மாதிரி, வயிற்றுக்கு நடுவில், பெல்ட்டில். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, வளையமாகத் தயார்செய்து வைத்திருங்கள். ரத்தம் வழுக்கும் விரலால் அந்த உறையைக் கிழிக்க முடியாது.

கையில் அடிபட்டால் வளையத்துக்குள் கையை நுழைத்து மேலே தள்ளி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுத் திருக வேண்டும். வலது கைக்காரர்கள் இடது கையால் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு, தரையில் படுத்தபடி பழகுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கட்ட வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதற்குத்தான் வகுப்பில் கடைசி அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.